4,000 மணி ஓடிய மினி டிராக்டரை வாங்கலாமா?

இந்தக் கேள்வி இப்போ நம்ம கூட்டங்களில் அடிக்கடி வருது. இருப்பது 3 ஏக்கர் கழனி. உழவு மாட்டு ஜோடி சுத்துப்பட்டு ஊர்களில் தேடினாலும் கிடைப்பதில்லை. சம்பா பருவத்தில் வாடகை டிராக்டருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், பெரிய கழனிக்காரர் வேலையை முடித்து நம்மிடம் வருவதற்குள் மண்ணின் பதம் போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்து ஒருத்தர் வந்து, "15 குதிரைத்திறன் மினி டிராக்டர் இருக்கு சார், ஒன்றரை லட்சம், 4,000 மணிதான் ஓடியிருக்கு" என்கிறார்.

வங்கியில் விவசாயக் கடன் மனுக்களைப் பல ஆண்டு படித்தவன், ஓய்வுக்குப் பிறகு புதுச்சேரி நகரத்திலிருந்து பாகூர் பக்கம் கழனிக்குப் போய்வருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். வண்டி எத்தனை மணி ஓடியிருக்கு என்று எல்லாரும் முதலில் கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நம்ம நிலத்தில் அதற்கு வருஷத்துக்கு எத்தனை மணி வேலை இருக்கு?

இயற்கை உழவருக்கு டிராக்டர் எதற்கு, அது சாணி போடுமா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இரண்டு டன் எடையுள்ள பெரிய வண்டி ஈரக் கழனியில் திரும்பத் திரும்ப இறங்கினால் அடிமண் இறுகிப் போகும். காய்ந்த மண்ணில் ரோட்டவேட்டரைப் போட்டு மாவாக அரைத்தால் மண்புழு எங்கே போகும்? ஆனால் பலதானியம், தக்கைப்பூண்டு, சணப்பை விதைத்து 50, 60 நாளில் மடக்கி உழுவதும் நாம்தான். வண்டி வண்டியாக எரு அடிப்பதும் நாம்தான். இதையெல்லாம் மண்வெட்டியால் செய்ய ஆள் எங்கே? ஒரு டன்னுக்குள் எடையுள்ள சின்ன வண்டி, வாழைக்கும் அகலப் பாத்திக் கரும்புக்கும் இடையில் நுழைந்து களை ஓட்டும். மாடு வைத்திருப்பவர் மாட்டை விடவேண்டாம். டிராக்டர் வந்ததென்று தொழுவத்தைக் காலி செய்தால், எருவுக்கும் ஜீவாமிர்தத்துக்கும் காசு கொடுக்க வேண்டிவரும். அதையும் டிராக்டர் செலவில்தான் எழுதணும்.

இப்போ கணக்கு. கீழே வருவதெல்லாம் விளக்கத்துக்கான தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி 1,50,000 ரூபாய். 5 வருஷம் ஓட்டி 50,000க்கு விற்றால் தேய்மானம் வருஷத்துக்கு 20,000. அந்தப் பணத்தை வங்கியில் போட்டிருந்தால் 7 சதவீதத்தில் வட்டி 10,500. இன்சூரன்ஸ், பேட்டரி, கொட்டகைக்கு 6,500. பழைய வண்டி என்பதால் பழுதுக்கு 25,000 ஒதுக்கியே ஆகணும். கூட்டினால் 62,000. வண்டி நின்றாலும் ஓடினாலும் இதை எடுத்து வைக்கணும். ஓடும்போது மணிக்கு டீசல், ஆயில், ஓட்டுநர் கூலி சேர்த்து 300 ரூபாய் என்று வையுங்கள். வெளியே வாடகை மணிக்கு 900. அப்போ சொந்த வண்டியில் மணிக்கு மிச்சம் 600. 62,000ஐ 600ஆல் வகுத்தால் 103. வருஷத்துக்கு 103 மணிக்கு மேல் வேலை இருந்தால்தான் சொந்த வண்டி கட்டுப்படியாகும்.

3 ஏக்கரில் பலதானியம் மடக்குவது, சேறு ஓட்டுவது, எரு இழுப்பது எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 16, 17 மணி என்றால் மொத்தம் 50 மணிதான். நமக்கு அடக்கம் மணிக்கு 1,540 ரூபாய்! 900க்குக் கிடைக்கும் வாடகை வண்டியே மேல். அதே வண்டியை அக்கம்பக்கத்தில் 4 குடும்பம் சேர்ந்து 12 ஏக்கருக்கு 200 மணி ஓட்டினால் அடக்கம் 610 ரூபாய். பதம் தவறாமல் உழும் லாபம் தனி.

சரி, புது வண்டி வாங்கினால்? 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கு. இது பழைய வண்டிக்குப் பேரம் பேசும்போது நமக்குக் கைகொடுக்கும். புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேணும்? ஆனால் புது வண்டிக்கு 3,50,000 கடன் வாங்கி, 12 சதவீத வட்டியில் 5 வருஷம் மாதத் தவணை கட்டினால் வருஷத்துக்குச் சுமார் 93,000 ஆகிறது. 3 ஏக்கரில் அதை எங்கிருந்து எடுப்பது? நிலம் தவறினாலும் மழை தவறினாலும் தவணை தவறக்கூடாது. 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஓர் உழவரைப் போலீஸ் அடித்து இழுத்த காணொளியைத் தமிழகமே பார்த்தது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. டிராக்டருக்கு அந்த விலக்கு கிடையாது. பழையதோ புதியதோ, சின்ன உழவர் கடனில் டிராக்டர் வாங்க வேண்டாம் என்பதுதான் இந்தப் பழைய வங்கிக்காரனின் முடிவு.

அடுத்தது அந்த 4,000 மணி. வேளாண் பொறியியல் பாடங்களில் டிராக்டரின் ஆயுளை 10 வருஷம், 10,000 மணி என்று கணக்கு வைப்பார்கள். ஒரு சிலிண்டர் சின்ன இன்ஜின் அதற்கு முன்பே போர் வேலை கேட்கும். மீட்டர் காட்டும் மணியும் வேதவாக்கு அல்ல. பழைய மீட்டர்கள் இன்ஜின் சுற்றோடு இணைந்தவை. குறைந்த சுற்றில் ஓடிய ஒரு மணி, மீட்டரில் ஒரு மணிக்குக் குறைவாகத்தான் ஏறும். மீட்டரையே மாற்றிப் போடவும் முடியும். அதைவிட, அந்த மணிகள் எங்கே ஓடின என்பது முக்கியம். தோப்பில் களை ஓட்டிய 4,000 மணியும் சேற்றில் இறங்கிய 2,000 மணியும் ஒன்றல்ல. சேறு முன் அச்சு, பிரேக், ஆயில் சீல் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

எனவே நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரோடு காலையிலேயே போங்கள். நான் வருமுன் ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடிக்கிறதா? போர் தேய்ந்திருக்கு. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். 10 நிமிஷத்தில் அது தரைக்கு இறங்கிவிட்டால் ஹைட்ராலிக் வேலை காத்திருக்கு. பி.டி.ஓ. பற்கள், பெடல் ரப்பர், இணைப்புக் குண்டுகளின் தேய்மானம் மீட்டரைவிட உண்மை பேசும். கிளட்ச் தட்டு கடலூரிலோ விழுப்புரத்திலோ இரண்டு நாளில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

நம்ம பக்கம் இன்னொன்றும் பார்க்கணும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பிறகு தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளத்தில் முங்கிய வண்டியும் விற்பனைக்கு வரலாம். ஏர் ஃபில்டர் கூட்டுக்குள், டேஷ்போர்டுக்குப் பின்னால் வண்டல் இருக்கா பாருங்கள். கியர் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கு.

காகிதத்தில் அலட்சியம் வேண்டாம். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன எல்லைக்கோட்டால், நமக்கு வீடு புதுச்சேரியில் இருக்கும், வண்டி தமிழ்நாட்டுப் பதிவில் இருக்கும். அப்போ தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30 வேண்டும். ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால், கொடுத்த நிறுவனத்தின் கடிதமும் படிவம் 35ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான். முடியப்போகிறது என்றால் புதுப்பிக்கும் செலவை விலையில் கழியுங்கள்.

அரசையும் ஒன்று கேட்க வேண்டியிருக்கு. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் தனி உழவருக்கு 40, 50 சதவீத மானியம் உண்டு. எல்லாம் புது இயந்திரத்துக்கு. மானியத்தைப் பார்த்து நாம் தேவையில்லாத வண்டிக்குக் கடன்காரர் ஆவதைவிட, ஒவ்வொரு கொம்யூனிலும் இரண்டு மினி டிராக்டராவது பருவத்தில் வாடகைக்குக் கிடைக்கச் செய்வது நல்லது. அப்படிக் கிடைத்தால் எங்களில் பாதிப் பேருக்குச் சொந்த வண்டியே தேவைப்படாது.

அதுவரை என் யோசனை இதுதான். 103 மணி மாதிரி உங்கள் எண் என்ன என்று முதலில் கண்டுபிடியுங்கள். தனியாக எட்டவில்லையென்றால் நாலு பேரைச் சேருங்கள். ஆர்.சி. யார் பெயரில், ஓட்டுவது யார், பருவத்தில் யார் கழனி முதலில் என்று வாங்குமுன் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உறுப்பினரும் மணிக்கு 650 ரூபாய் பொதுக் கணக்கில் கட்டட்டும். வண்டியில் ஒரு நோட்டு தொங்கட்டும். விலையில் மூன்றில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று கையில் வைத்துக்கொண்டு, மீதிப் பணத்துக்கு என்ன வண்டி வருமோ அதைப் பாருங்கள். இத்தனையும் பொருந்தினால் 4,000 மணி ஓடிய வண்டியைத் தாராளமாக வாங்கலாம். ஒன்று பொருந்தாவிட்டாலும், விற்பவரிடம் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.