தேவையில்லை... யாருக்கு?



நம்ம கம்ப்யூட்டர் லேபில் சிஸ்டம் ஆன் ஆகி முடிவதற்குள் பாதி பீரியட் போய்விடுகிறது. இதற்கு மேல்வகுப்பு அண்ணன்மார் சிலர் ஒரு வழி சொல்கிறார்கள். "விண்டோஸ்ல தேவையில்லாததை எல்லாம் தூக்கிட்டா பறக்கும்டா!" யாரோ வெட்டிக் குறைத்த 'லைட்' விண்டோஸ் நெட்டில் கிடைக்கிறதாம். பென் டிரைவில் கொண்டுவந்து எல்லா சிஸ்டத்திலும் போட்டுவிடலாமாம். போடலாமா? என் கருத்தைச் சொல்கிறேன்.

அண்ணன்மார் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு கேம்ஸ், விளம்பரம் என்று நாம் கேட்காததும் சேர்ந்தே வருகிறது. அவற்றில் சில, நாம் திறக்காமலேயே பின்னால் ஓடிக்கொண்டு ராமில் இடம் பிடிக்கும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிபி ராமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் எங்கே போவார்கள்? அதனால்தான் வெட்டும் ஆசை வருகிறது.

குறைப்பதால் பாதுகாப்பும் கூடும். நெட்வொர்க்கில் ஃபைல் பகிர எஸ்எம்பி 1 என்று ஒரு பழைய வசதி உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் திறந்தே கிடந்தது. 2017 மே மாதம் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் வானாக்ரை வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்கூட தள்ளிப்போனது. பயன்படாத வாசலைப் பூட்டி வைப்பதுதானே புத்தி!

ஆனால் அதே கதைக்கு மறுபக்கமும் இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத சிஸ்டங்கள் மாட்டிக்கொண்டன. இன்றைய 'லைட்' விண்டோஸ் சிலவற்றில் அப்டேட்டையும் ஆன்டிவைரஸையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள். வேகம் கிடைக்கும், சரி. பூட்டு?

இன்னொரு ஆபத்து, ஒன்றை நம்பி இன்னொன்று இருப்பது. ஐரோப்பிய ஆணையம் 2004-ல் உத்தரவிட்டதால், மீடியா பிளேயர் இல்லாத 'என்' பதிப்பு விண்டோஸ் அங்கே வந்தது. இந்தப் பதிப்பில் பாட்டு, படம் மட்டும் போகவில்லை. அந்தப் பகுதிகளை நம்பியிருந்த வேறு சில வேலைகளும் ஓடவில்லை. தனியாக ஒரு தொகுப்பை ஏற்றினால்தான் சரியாகும். தயாரித்த கம்பெனி வெட்டியதற்கே இந்தக் கதி என்றால், முகம் தெரியாத ஒருவர் வெட்டினால்? அவர் வெட்டியதோடு நிறுத்தினாரா, உள்ளே எதையாவது சேர்த்தாரா என்று யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும்விட பெரிய கேள்வி இதுதான்: 'தேவையில்லை' என்று யார் முடிவு செய்வது?

எக்ஸ்பி காலத்தில் 'என்லைட்' என்ற மென்பொருளால் விண்டோஸை வெட்டுவார்கள். அதில் மொழிகளுக்கும் விசைப்பலகைகளுக்கும்கூட ஒரு பட்டியல் உண்டு. வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தமிழும் அவருக்குக் குப்பைதான்! நம் ஸ்கிரீனில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். அதேபோல் ஸ்கிரீனில் இருப்பதை வாசித்துக் காட்டும் 'நெரேட்டர்', எழுத்தைப் பெரிதாக்கும் 'மேக்னிஃபையர்' இரண்டையும் நம்மில் பலர் திறந்துகூட பார்த்திருக்க மாட்டோம். பார்வை குறைந்த ஒரு மாணவர் நாளை இந்த லேபுக்கு வந்தால் அவருக்கு அதுதான் கண். அதை வெட்ட நாம் யாரு?

லினக்ஸில் ஒரு மென்பொருளை நீக்கச் சொன்னால், "இதோடு இவையெல்லாம் போகும், சரியா?" என்று பட்டியல் போட்டுக் கேட்கும். அந்தப் பழக்கம் நமக்கும் வரட்டும்.

என் யோசனைகள்:

1. நெட்டில் கிடைக்கும் வெட்டிய விண்டோஸ் வேண்டவே வேண்டாம்.

2. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பார்த்து, ஆன் ஆகும்போதே ஓடத் தேவையில்லாததை நிறுத்துவோம். வேண்டும்போது திரும்ப ஆன் செய்யலாம். வெட்டியதை ஒட்டுவது கஷ்டம்!

3. கேம்ஸ் போன்றவற்றை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்வோம். அப்டேட், ஆன்டிவைரஸ் பக்கம் போகக் கூடாது.

4. ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட்டு, முதலில் ஒரே ஒரு சிஸ்டத்தில் ஒரு வாரம் செய்து பார்ப்போம். எதை நிறுத்தினோம் என்று லேப் நோட்டில் எழுதி வைப்போம்.

5. எல்லா வகுப்பையும் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் சார் அனுமதியோடு செய்வோம்.

லேப் வேகமாக வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் அது எல்லோருக்கும் லேபாக இருக்க வேண்டும். நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதித் தாருங்கள், அடுத்த இதழில் ஒட்டுவோம்!

கேட்டுவிட்டுக் குறைப்போம்! குறைத்ததைக் குறித்து வைப்போம்!

– பதினோராம் வகுப்பு மாணவி