எண்ணெய் வண்ணத்தில் ஒரு சிற்றூர்

கவிதையைப் படித்து ஓவியம் தீட்டுவது புதிய வழக்கமன்று. கவிதையைப் படித்துவிட்டுக் காலண்டரைப் பார்த்துத் தீட்டுவதுதான் நம்மிடையே பெருகிவிட்டது. கலைவிழாவில் ‘இயற்கை’ என்று தலைப்புக் கொடுத்தால் வருவது என்ன? இரண்டு தென்னை, ஒரு குடிசை, மறையும் ஞாயிறு, நீரில் ஓர் ஓடம். இப்போது கைப்பேசி வந்துவிட்டதால் காலண்டருக்குக்கூட அலைய வேண்டியதில்லை. நான் கேட்பது இதுதான்: அந்தத் தென்னைகள் எந்த ஊரில் நிற்கின்றன?

இந்தப் பழக்கத்துக்கு இராஜா இரவிவர்மாவைப் பழிப்போர் உண்டு. காளிதாசனின் சாகுந்தலத்தில் தோய்ந்து, துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையை அவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1876இல் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்ற அப்படத்தை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் வாங்கினார். மோனியர் வில்லியம்ஸ் தம் சாகுந்தல மொழிபெயர்ப்புக்கு அதையே முகப்புப் படமாக்கினார். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழியாக வர்மாவின் படங்கள் எளியோர் வீட்டுச் சுவர்களுக்கும் வந்தன. அது பெருந்தொண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவருடைய சகுந்தலையின் பின்னால் நிற்கும் காடு நாடகத் திரைச்சீலையாகவே எனக்குப் படுகிறது. அவளை எழுப்பி வேறொரு காட்டில் உட்கார வைத்தாலும் படம் கெடாது!

தமிழ் மரபு இதற்கு நேர்மாறானது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். காதலையும் பிரிவையும் உரிப்பொருளாகப் பின்னர் வைத்தார். இந்த வரிசை புலவனுக்கு மட்டுமா? ஓவியனுக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

துறையூருக்கு அருகே கீராம்பூரில் 1938இல் பிறந்து 2008இல் மறைந்த கே. எம். ஆதிமூலத்தை எண்ணிப் பாருங்கள். புதுக்கவிதை ஏடுகளோடும் எழுத்தாளர்களோடும் இறுதிவரை உறவாடியவர் அவர். தமிழ் நூல்களின் அட்டைகளுக்கும் எழுத்துருக்களுக்கும் புது முகம் தந்தவர். ஆனால் அவருடைய எண்ணெய் வண்ண நிலக்காட்சிகளில் தலைவியும் இல்லை, தோழியும் இல்லை. வண்ணப் பரப்புகளே நிலமாகவும் வானமாகவும் விரிகின்றன. புரியவில்லை என்பார் சிலர். புரியாவிட்டால் என்ன? வெயில் தெரிகிறதே!

இனி எங்கள் சேதராப்பட்டுக்கு வருகிறேன். பாவேந்தரின் ‘அழகின் சிரிப்பு’ நூலில் கடல், தென்றல், காடு, குன்றம் எல்லாம் உண்டு. ‘சிற்றூர்’ உண்டு; அதையடுத்துப் ‘பட்டணம்’ என்ற தலைப்பும் உண்டு. இயற்கையைப் பாடப் புகுந்த புதுவைக் கவிஞர் பட்டணத்தை வெளியே நிறுத்தவில்லை. அந்த இரண்டு தலைப்புகளும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் இடம் எங்கள் ஊர். மயிலம் சாலையில் வந்தால் ஒரு பக்கம் பனை, ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் மதில். எங்கள் பெரியவர்களிடம் பழைய வயலைக் கேட்டால் மதிலைத்தான் கைகாட்டுவார்கள். அந்த வயலுக்கு ஓர் ஓவியம் இல்லை. தீட்டுவோர் இருந்தபோதும் தென்னையும் ஓடமும் தீட்டிக்கொண்டிருந்தார்கள் போலும். சற்றுத் தெற்கே ஊசுட்டேரி. 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் அங்கே தூரப் பறவைகள் வருகின்றன. வண்ணப் பெட்டியோடு ஒருவரும் வந்து நான் கண்டதில்லை.

எண்ணெய் வண்ணம் செலவு மிக்கது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆளிவிதை எண்ணெய் மெல்லத்தான் உலரும், தவறினால் வழித்தெடுக்கலாம், நாளையும் அதே இடத்துக்கு அதே வேளையில் போய்த் தொடரலாம். 1841இல் ஜான் ரேண்ட் என்பவர் வெள்ளீய வண்ணக் குழாயைக் கண்டுபிடித்த பிறகு, கித்தானை வெளியே தூக்கிச் செல்வது எளிதாயிற்று. மோனே 1890-91இல் தம் வீட்டருகே இருந்த வைக்கோற்போர்களையே காலை, மாலை, பனி, வெயில் என்று திரும்பத் திரும்பத் தீட்டினார். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாம் அந்நாட்டாரிடம் எத்தனையோ கற்றோம். நம் வைக்கோற்போரைப் பார்க்க மட்டும் கற்கவில்லை.

விழாக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு ‘இயற்கை’யை விட்டுவிட்டுப் ‘பட்டணம்’ என்று தலைப்புக் கொடுங்கள். தென்னை வரையத் தெரியாதவர்களும் துணிந்து பெயர் கொடுப்பார்கள்.