டிஜேமாரே, உங்கட போல்டரைத் திறந்து பாருங்கோ

போன மாசம் ஒரு கூட்டாளி கோல் எடுத்தான். "மச்சான், அப்பப்பா மோசம் போயிட்டார். என்ர கலியாணத்தில மைக்கை வாங்கிப் பாடினவர் எல்லே, அது உன்னட்ட இருக்கோ? முப்பத்தொண்டுக்குப் போட வேணும்."

"பாத்துச் சொல்லுறன்" எண்டன். பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும்.

வடமராட்சியில் நடந்த கலியாணம் அது. நான்தான் பாட்டுப் போட்டது. இரவு பத்து மணிக்குப் பிறகு, ஒரு காலத்தில் காத்தவராயன் கூத்து ஆடின அந்த மனிசன் மைக்கை வாங்கிச் சிந்துநடையில் பாடத் தொடங்கினார். ஓடிக்கொண்டிருந்த பாட்டை இறக்கி, உடுக்குச் சத்தம் மாதிரி ஒரு லூப்பை அடியில் விட்டு, அவற்ற வேகத்துக்கு இழுத்துப் பிடிச்சன். ஏழெட்டு நிமிசம். மண்டபம் முழுக்க எழும்பி நிண்டது. நான் செய்த மிக்ஸ் எல்லாத்திலயும் அதுதான் திறம். இப்ப அது எங்கயும் இல்லை. திரையில் இருந்த றெக்கோட் பொத்தானை நான் அமத்தவேயில்லை.

இதை என்ர சோகக்கதையாகச் சொல்ல வரவில்லை. குற்றச்சாட்டாகச் சொல்லுறன். என் மேலயும், எங்கட ஊர்களில் பாட்டுப் போடுற எல்லார் மேலயும்.

லைட்டுக்கும் புகை மெசினுக்கும் ஸ்பீக்கருக்கும் கடன்பட்டுக் காசு கொட்டுறம். லப்டொப்பைத் திறந்தால் 'நியூ போல்டர்', 'நியூ போல்டர் 2', 'கலியாணம் பைனல்', 'பைனல் லாஸ்ட்'. ஒரே பாட்டு நாலு இடத்தில், நாலு தரத்தில். திருகோணமலைப் பெடியன் ஒருத்தன் வீட்டிலயே பாடி எடுத்த ராப் பாட்டு வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். அதின்ர பேர் 'ஏயூடி', பிறகு ஒரு திகதி, பிறகு ஒரு இலக்கம். பாடினவன் ஆர்? தெரியாது. பழைய உள்ளூர் சீடியில் இருந்து எடுத்த பாட்டென்றால் பேரை ஆரோ பாமினியில் ரைப் பண்ணியிருப்பினம், திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதைத் திருத்த ஒரு நிமிசம் போதும். ஒருத்தரும் திருத்தமாட்டம்.

"பாட்டுத்தானே, திரும்ப இறக்கலாம்" என்பீர்கள். சினிமாப் பாட்டை இறக்கலாம்தான். அதுக்குக் கம்பனி இருக்கு, உரிமை வச்சிருக்கிறவன் கவனமாக வச்சிருப்பான். எங்கட பாட்டுக்கு ஆர் இருக்கினம்? நிதி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் இண்டைக்கும் கலியாண வீட்டில் ஓடுதெண்டால், பாடினதாலை மட்டும் இல்லை, அது ஒலிப்பதிவாகி, பாடினவரின் பேரோட கைமாறி வந்ததாலையும்தான். இண்டைக்கு மட்டக்களப்பிலும் மன்னாரிலும் மலையகத்திலும் பெடியள், பெட்டையள் செய்யிற பாட்டில் எத்தனையோ ஒரு போனிலும் ஒரு டிஜேயின்ர போல்டரிலும் மட்டும்தான் இருக்கு. போன் உடையும். மிஞ்சுற ஒரே கொப்பி உங்கட 'நியூ போல்டர் 2'இல். விரும்பியோ விரும்பாமலோ நீங்கள்தான் காப்பாளர்.

அந்தக் காப்பாளர் என்ன செய்யிறார்? பாடினவனின்ர பேரை அழிச்சுத் தன்ர பேரை ஒட்டுறார். இருபது செக்கனுக்கு ஒருக்கா 'டிஜே இன்னார் இன் த மிக்ஸ்' எண்டு ஒரு குரலை நடுப்பாட்டில் குத்துறார். களவு போகாமல் இருக்கவாம். பாட்டே ஆற்றையோ எண்டேக்க எந்தக் களவைப் பற்றிக் கதைக்கிறம்?

இன்னொரு சாட்டு: "இடம் காணாது." கணக்குப் பாப்பம். சீடித் தரத்தில் வேவ் பைலாகப் பதிஞ்சால் நிமிசத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி. ஐஞ்சு மணித்தியாலக் கலியாணம் 3 ஜிபி. 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக எடுத்தால் 720 எம்பி. 32 ஜிபி பென்டிரைவ் ஒண்டில் நாற்பது இரவு கிடக்கும். உங்கட செல்பிக்கு இதைவிடக் கூட இடம் போகுது.

"வீடியோ எடுத்தவை இருப்பினம்தானே?" இருப்பினம். ஸ்பீக்கருக்கு முன்னால் பிடிச்ச போனில் பேஸ் சத்தம் கிழிஞ்சு, வட்ஸ்அப்பில் நசுங்கி, ஸ்டேட்டஸில் 24 மணித்தியாலத்தில் மறைஞ்சு போகும். என்ர கூட்டாளியும் முதல் அங்கதான் தேடினவன். கிடைச்சது பதினெட்டு செக்கன். அதிலயும் அப்பப்பாவின்ர குரலுக்கு மேல விசில்.

"சொவ்ட்வெயர் வாங்கக் காசில்லை." பெயரில் மூண்டு எக்ஸ் இருக்கிற 'மிக்ஸ்' எண்ட மென்பொருள் முழுக்க இலவசம், திறந்த மூலம். மிக்ஸைப் பதியும். அண்டைக்குப் போட்ட பாட்டுகளை வரிசையாகத் தானே குறிச்சும் வைக்கும். ஆனால் நாங்கள் கிராக் பண்ணின வேர்ச்சுவல் டிஜேயை, அதோட வந்த வைரஸையும் சேர்த்து, ஆளுக்காள் பென்டிரைவில் கைமாத்திறம்.

ஒண்டை நேர்மையாகச் சொல்ல வேணும். அண்டைக்கு நான் பொத்தானை அமத்தியிருந்தாலும் அப்பப்பாவின்ர குரல் பதிஞ்சிராது. மென்பொருள் தனக்குள்ளால போற சத்தத்தை மட்டும்தான் பதியும். எங்கட மைக் லப்டொப்புக்கே போறதில்லை. நேரே வெளி மிக்ஸருக்குப் போகுது. உடுக்கு லூப் மட்டும் வடிவாகப் பதிஞ்சிருக்கும், பாட்டு இருக்காது. மிக்ஸருக்குப் பின்னால 'றெக் அவுட்' எண்டு ரெண்டு ஓட்டை இருக்கு. அதில இருந்து ஒரு வயரை ஒரு சின்ன றெக்கோடருக்கோ, லப்டொப்பில் மாட்டின சவுண்ட் காட்டின்ர இன்புட்டுக்கோ குடுத்தால் குரலும் சேர்ந்து வரும். லெவல் சிவப்புக்குப் போகாமல் பாத்தால் போதும். எத்தனையோ வருசமாக அந்த ரெண்டு ஓட்டையையும் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். என்னத்துக்கு எண்டு ஒருக்காலும் கேட்டதில்லை.

லைப்ரரியும் அப்பிடித்தான். 'எல்லாம் சொவ்ட்வெயருக்குள்ள இருக்கு' எண்டு நினைக்கிறம். அதுக்குள்ள பாட்டு இல்லை. பாட்டு எந்த போல்டரில் கிடக்கு எண்ட விலாசமும், நீங்கள் குறிச்ச கியூ புள்ளிகளும், பீட் கணக்கும்தான் இருக்கு. வெளியில் போல்டரை இழுத்து இடம் மாத்தினால் விலாசம் பிழைக்கும், அரங்கேறிற நேரம் பாட்டைக் காணோம் எண்டு வரும். கொப்பி எடுக்கேக்க பாட்டையும் எடுக்க வேணும், அந்த லைப்ரரிப் பைலையும் எடுக்க வேணும். ரெண்டு இடத்தில், ஒண்டு வீட்டுக்கு வெளியில்.

பதியிறது எண்டால் ஏத்திறது இல்லை. பதிஞ்சதை இணையத்தில் போடாதேங்கோ, உரிமைச் சிக்கல் வரும், தளம் ஒரு நாள் அழிச்சும் விடும். பாடின குடும்பத்துக்கு ஒரு கொப்பி குடுங்கோ, உங்களிட்ட ஒண்டு வையுங்கோ. திகதி, ஊர், பாடினவர் பேர் எழுதுங்கோ. பாடினவரும் குடும்பமும் ஓம் எண்டால் நூலகம் நிறுவனத்தைக் கேளுங்கோ. 2005இல் இருந்து எங்கட ஆவணங்களை எண்ணிமமாக்கிச் சேர்க்கிறவை.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சவையைப் பற்றி நாங்கள் ஒவ்வொரு வருசமும் எழுதுறம். எழுதத்தான் வேணும். ஆனால் இந்தப் பாட்டுகளை ஒருத்தரும் எரிக்கவில்லை. ஒரு இராணுவமும் வரவில்லை. கையில பொத்தான் இருந்தது, நாங்கள் லைட்டைப் பாத்துக்கொண்டு நிண்டம்.

முப்பத்தொண்டுக்குப் போனன். அந்தப் பதினெட்டு செக்கனைத்தான் திரும்பத் திரும்பப் போட்டவை. போனகிழமை நானூறு ரூபாவுக்கு ஒரு வயர் வாங்கினன். வாற சனிக்கிழமை ஒரு சாமத்தியவீடு இருக்கு. உங்களுக்கும் எங்கயோ ஒண்டு இருக்கும்.