நாற்பதடி வெளிச்சம்

கோடை விடுமுறைக்குக் கிராமத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போய், நாளெல்லாம் கார்ப் புகையில் நின்றுவிட்டு, கம்பளிக் குல்லாயோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்களே, அவர்களோடு. போகட்டும், அவரவர் பணம், அவரவர் ஜலதோஷம். இப்போது நான் சண்டைக்கு இழுப்பது வேறு கோஷ்டியை. கிராமத்துக்கு வந்து, ஐயோ இருட்டாக இருக்கிறதே என்று பரிதாபப்பட்டு, குளக்கரையில் நாற்பதடிக் கம்பம் நட்டு, உச்சியில் எட்டு விளக்கு வைத்து, அடியில் தம் பெயரைச் சலவைக்கல்லில் பொறித்துவிட்டுப் போகிற உபகாரிகளை.

எங்கள் ஊர் தஞ்சைச் சீமையில் ஒரு வாய்க்காலை ஒட்டியது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதுவரை ஆற்றில் மணல். வயலில் உளுந்து பறித்த வெறுந்தரை. பகலில் பார்க்கிறவனுக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்த வெடித்த தரையில்தான் ஆள்காட்டிக் குருவி முட்டை இடுகிறது. கூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் நாலு கூழாங்கல். சித்திரை வெயிலில் முட்டை வெந்துவிடாதா? அதற்கும் அது வழி வைத்திருக்கிறது. எங்கோ தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் உட்காருகிறது. மனிதத் தலை தெரிந்தால் ஊரைக் கூட்டுகிறது.

பொழுது சாய்ந்தால் பக்கி கிளம்பும். மண்பாதையில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும். வண்டி விளக்குப் பட்டால் கண் மட்டும் தணல் துண்டாக ஜொலிக்கும். பந்தைத் தரையில் போட்டுவிட்டால் துள்ளல் குறுகிக் குறுகி அடங்குமே, அப்படி ஒரு குரல் அதற்கு. கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் வாய்க்காலோரத் தாழம்புதரில் மின்மினி. ஆனைமலைக் காட்டில் ஏப்ரல், மே மாதங்களில் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, அங்கே போக அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்று என்னிடம் விசாரித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிறந்த வீட்டுக் கொல்லையில் இருந்த மின்மினி எங்கே போயிற்று என்று விசாரித்தவர் ஒருவரும் இல்லை.

எங்கும் போகவில்லை. பல இனங்களில் ஆண் மின்மினி பறந்தபடி மின்னிக் கேட்கிறது. செடியில் இருக்கும் பெண் பதிலுக்கு மின்னுகிறது. கல்யாணப் பேச்சு அவ்வளவுதான். நாற்பதடி விளக்கின் கீழே கேள்வியும் தெரியாது, பதிலும் தெரியாது. வளர்ந்த மின்மினிக்கு ஆயுள் சில வாரங்களே. இந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அது முகூர்த்தத்தைத் தள்ளிப் போட முடியாது.

மேலே பார்ப்போம். வைகாசி மாதம் இரவு ஒன்பது மணிக்கு மணலில் மல்லாந்து படுத்தால் உச்சிக்கருகே பொன்னிறமாகச் சுவாதி. அதற்குத் தெற்கே வெள்ளையாகச் சித்திரை. தெற்கே தோப்பின் தலைக்குமேல் தென்சிலுவை. லண்டனில் இருப்பவன் தவம் கிடந்தாலும் அங்கிருந்து பார்க்க முடியாது. தென்கிழக்கில் தேள் ஏறிவரும்: தலையில் அனுஷம், நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வாலில் மூலம்.

பெண்ணுக்கு மூல நக்ஷத்திரமா, மாமனாருக்கு ஆகாது என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த மூலத்தை ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்த மாமனார் ஒருவரைக் காட்டுங்கள்! கல்யாணத்தில் பட்டப்பகலில் மண்டபத்து வாசலில் நின்று மணப்பெண்ணுக்கு அருந்ததி காட்டுகிறோம். அவளும் தெரிகிறது என்று தலையாட்டுகிறாள். சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரை ஒட்டியிருக்கும் மங்கலான பொட்டு அது. வெளிச்சம் மிகுந்தால் முதலில் மறைவது அந்த மாதிரிப் பொட்டுக்கள்தான். இதுவரை பகலில் மட்டும் சொல்லிவந்த பொய்யை இனி ராத்திரியிலும் சொல்லலாம் என்ற சௌகரியத்தைக் கம்பம் செய்து கொடுத்திருக்கிறது.

"என்னண்ணே, கதை எழுதுறவங்க வெளிச்சம் வேண்டாம்னு சொல்லலாமா? பொம்பளைங்க ராத்திரி நடமாட வேண்டாமா? பாம்பு கிடக்குமே?" என்று எங்கள் வார்டு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் குளக்கரையில் ஒன்பது மணிக்கு மேல் நாய்கூட நடப்பதில்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து கிழக்குத் தெருவுக்கு வரும் பாதையில் மூன்று விளக்கு, இரண்டு எரிவதில்லை. துணிக்கடை வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கும் பெண்கள் கைப்பேசி வெளிச்சத்தில் வருகிறார்கள். அங்கே இரண்டு பல்பு மாற்றினால் சலவைக்கல் வைக்க முடியாதல்லவா? எட்டு விளக்கும் பாதி வெளிச்சத்தை ஆகாயத்துக்கும், எதிர்வீட்டு மாடியில் தூங்க முயலும் குழந்தையின் முகத்துக்கும் தானம் செய்துகொண்டிருக்கின்றன.

நான் கேட்பது இருட்டுப் பிரளயம் அல்ல. விளக்குக்கு ஒரு மூடி. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தை 2022-இல் இரவு வானக் காப்பகமாக அறிவித்தபோது ஊரை இருட்டில் தள்ளிவிடவில்லை. வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி விளக்குகளை மறைத்தார்கள், ஜன்னல்களுக்குக் கனத்த திரை கொடுத்தார்கள், ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கியைக் கையாளக் கற்றுக் கொடுத்தார்கள். இமயமலைச் சங்கதி நமக்கெதற்கு என்றால், நம்முடைய ஜவ்வாது மலைக் காவலூர் இருக்கிறது. அங்கிருந்துதான் 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். நாலு பறவைக்காக ஊர் கட்டுப்படுமா என்று கேட்பவர்கள் சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியைப் போய்ப் பார்க்கட்டும். கண்மாய்ப் பறவைகள் மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை.

மே 1-ஆம் தேதி கிராம சபை கூடும். மனு தயார்: குளக்கரை விளக்குக்கு மூடி போட்டு இரவு பத்து மணிக்கு அணைக்க வேண்டும், கிழக்குத் தெருப் பாதையில் இரண்டு விளக்கைச் சரிசெய்ய வேண்டும். இதுவரை பதினொரு கையெழுத்து. அதில் எட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது, செல்லாது என்கிறார்கள்.