மட்டசனம் என்னும் மருந்து



தலையான பாவங்கள் ஏழையும் ஞான உபதேச வகுப்பில் ஒப்புவித்த தலைமுறையினர் நம் பங்குகளில் இன்னும் இருக்கின்றனர். போசனப்பிரியமும் சோம்பலும் அவ்வேழில் அடங்கும். முன்னதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம், அதாவது அளவறிந்து உண்ணுதல்; பின்னதற்கு எதிரானது சுறுசுறுப்பு. உடற்பருமனைக் குறைக்க மருத்துவர் கூறும் அறிவுரையிலும் இவ்விரண்டுமே முதலிடம் பெறுகின்றன.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்குவோம். பருமனாய் இருப்பவரைப் பாவியென்று சுட்டுவது நம் கருத்தன்று. பரம்பரைக் கூறு, தைராய்டுக் குறைபாடு, சில மருந்துகள் எனப் பருமனுக்குக் காரணங்கள் பல. ஆலய முற்றத்திலோ திருமண வீட்டிலோ பிறர் உடலைக் கேலி செய்வது பிறரன்புக்கு மாறானது. நாம் ஆராய விரும்புவது நம் வீட்டுப் பழக்கங்களையே.

590 முதல் 604 வரை திருச்சபையை வழிநடத்திய பாப்பிறை புனித பெரிய கிரகோரியார், போசனப்பிரியம் ஐந்து வழிகளில் நம்மைச் சோதிக்கும் என்று எழுதினார். வேளை வருமுன் உண்பது, விலையுயர்ந்த பண்டங்களை நாடுவது, மிகுந்த பக்குவம் கேட்பது, அளவு மிஞ்சுவது, பேராவலோடு விழுங்குவது என்பன அவை. வேளை வருமுன் உண்பதை அவர் முதலில் வைத்தது நம் சிந்தனைக்குரியது.

உணவு வேளையில் அளவோடிருப்பவரும் இடைவேளையில் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு குவளை காப்பிக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 10 கிராம். அதில் 40 கலோரி உண்டு. நாளொன்றுக்கு ஐந்து குவளையானால், சர்க்கரையால் மட்டும் 200 கலோரி. அரைமணி நேரம் விரைந்து நடந்தாலும் நம்மில் பலருக்கு அவ்வளவு செலவாவதில்லை. உடன்வரும் முறுக்கும் மிக்சரும் எண்ணெயில் பொரித்தவை. மாவுப்பொருள் கிராமுக்கு 4 கலோரி தரும். எண்ணெயோ 9 தரும். பிள்ளைகள் தட்டில் மீந்ததை வீணாக்கலாகாதென்று தாய் உண்பதும் இக்கணக்கில் சேரும்.

இதற்கு வழி பட்டினியன்று, திட்டம். வாரத்தின் சமையலை முன்கூட்டியே குறித்துவைப்போம். தட்டில் பாதியைக் காயும் கீரையும் நிரப்பட்டும். சோறு கால் பங்காகட்டும். எஞ்சிய காலில் பருப்போ மீனோ முட்டையோ இருக்கட்டும். சிற்றுண்டி மாலையில் ஒருமுறை போதும். அவித்த சுண்டலோ கொய்யாவோ ஆகுக. டப்பாவிலிருந்து எடுத்துத் தின்னாமல் கிண்ணத்தில் அளந்து வைத்து உண்போம். தொலைக்காட்சியின் முன் உண்பதைத் தவிர்ப்போம்.

வாரத்திற்கு 150 நிமிட நடையேனும் வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தால் அது நிறைவேறும். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை நடந்துகொண்டே சொன்னால் ஏறத்தாழ இருபது நிமிடம் கழியும். கணவனும் மனைவியும் சேர்ந்து சொல்லலாமே!

எடை உடனே இறங்கவில்லையென்று சோர்ந்துவிட வேண்டா. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நம் நாட்டில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2006இல் வெளியாயிற்று. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது; அவர்கள் எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே முயற்சி வீண்போவதில்லை. தராசோடு அளவுநாடாவும் பயன்படட்டும். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் திருச்சபை கட்டளையிட்ட ஒருசந்தி நாள்கள். மட்டசனமோ ஆண்டு முழுவதற்கும் உரியது. பாஸ்கு விருந்தை அது தடுப்பதில்லை. விருந்து மறுநாளும் தொடர்வதையே தடுக்கிறது. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் ஒருசந்தி இருத்தலாகாது.

இறுதியாக ஒன்று. தந்தைக்குக் கஞ்சி, மற்றவர்க்குப் பஜ்ஜி என்றிருக்கும் வீட்டில் தந்தையின் உறுதி நெடுநாள் நிலைப்பது அரிது. நோயாளிக்கென்று தனித்தட்டு வைப்பதைவிட, அவர் உணவையே குடும்பத்தின் உணவாக்குவது மேலான அன்பு. அதனால் மிஞ்சும் எண்ணெய்ச் செலவையும் சர்க்கரைச் செலவையும் ஓர் உண்டியலில் சேர்த்து ஏழைக்கு ஈந்தால், மட்டசனம் தருமமாகவும் மலரும்.