தபாலில் படிப்பவளுக்கும் ஆயிரம் ரூபாய்

திருப்பாலைக்குடிக் கரையில் கருவாடு காயவைத்தும் நண்டுச் சதை எடுத்தும் தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் ஒருத்தி, விட்ட படிப்பைத் தொட நினைத்தால் என்ன செய்வாள்? ராமநாதபுரத்திலும் திருவாடானையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. பகலில் வகுப்பில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. தொலைநிலைக் கல்விதான் அவளுக்குத் தோதான வழி. அதற்கென்றே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கப்பட்டது. அங்கேதான் அரசு கையை விரிக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அஞ்சல்வழியில் படிப்பவர்களுக்குக் கிடையாது. பள்ளி முடித்த கையோடு கல்லூரிக்குப் போகும் பெண்ணை மனத்தில் வைத்துப் போட்ட விதி. (திட்டம் நல்லதுதான், அதில் சண்டையில்லை.) மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்த இதே திட்டத்தைப் படிப்புக்கு மாற்றிய அரசு, திருமணம் கைவிட்ட பெண்ணை மறக்கலாமா? சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களைப் படிக்கவைத்தபோது தங்க இடமும் சோறும் சேர்த்தே கொடுத்தார். கைம்பெண்களும் கைவிடப்பட்டவர்களும் எந்த வயதில், எந்த வழியில் படித்தாலும் தொகை உண்டு என்று ஓர் அரசாணை போதும். சமூகநலத் துறை அதை அடுத்த சேர்க்கைக்குள் வெளியிட வேண்டும்.