வண்ணப் படத்தை நம்பி ஏமாந்தேன்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள், "சிமுலேஷன் செய்ய எவ்வளவு ராம் வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் மாட்டிக்கொண்டவன் நான்.

இன்ஜினியரிங் இறுதியாண்டு புராஜெக்ட்டில், 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்க வேண்டிய ஒரு சர்க்யூட்டுக்குச் சிறிய காயில் தேவைப்பட்டது. 5 மி.மீ. விட்டம், 10 சுற்று, 10 மி.மீ. நீளம். எஃப்.இ.எம்.எம். என்ற இலவச சாப்ட்வேரில் வரைந்தேன். சுமார் 0.2 மைக்ரோஹென்றி என்று விடை வந்தது. கூடவே அழகான வண்ணப் படம். அதை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டேன். சர்க்யூட் வேலை செய்யவில்லை. ஒரு மாதம், சாலிடரிங் சரியில்லை என்று நண்பனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அவன்!

தவறு என்னுடையது. அந்த சாப்ட்வேர் குறைந்த அதிர்வெண்ணுக்கானது என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. யார் படித்தார்கள்?

வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 6,000 கி.மீ. ஆகவே காயிலின் எல்லாச் சுற்றுகளிலும் ஒரே மின்னோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ.தான். என் காயிலின் கம்பியை நீட்டினால் 15.7 செ.மீ.! கம்பியின் ஒரு பகுதியில் மின்னோட்டம் ஒரு பக்கம் போகும்போது, இன்னொரு பகுதியில் எதிர்ப்பக்கம் போகிறது. அடுத்தடுத்த சுற்றுகள் கெப்பாசிட்டர் போலவும் நடந்துகொள்கின்றன. அந்த 0.2-க்கு அங்கே அர்த்தமே இல்லை.

இதற்கு மேக்ஸ்வெல் சமன்பாடுகளை முழுமையாகத் தீர்க்கும் சாப்ட்வேர் வேண்டும். ஓப்பன் ஈ.எம்.எஸ். அப்படிப்பட்டது, இலவசம். கேன் யீ 1966-ல் வெளியிட்ட முறைதான் அதன் அடிப்படை. இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, காலத்தையும் சிறு சிறு அடிகளாக நகர்த்திக் கணக்கிடும். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்காகும். காலத்தின் அடியும் பாதியாக வேண்டும். மொத்த வேலை 16 மடங்கு! உங்கள் ராம் கேள்வி இங்கேதான் வருகிறது.

கல்லூரிகளில் வண்ணப் படத்துக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்த வேண்டும் என்பேன். எந்தச் சமன்பாட்டைத் தீர்த்தாய், கட்டத்தைப் பாதியாக்கியபோது விடை எவ்வளவு மாறியது என்று கேட்டாலே போதும். என்னை யாரும் கேட்கவில்லை. அந்தப் படத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.